ஆயிரம் படிகளும் ஒரு கைத் தீர்த்தமும்

சேர்வராயன் மலை முதல் கொல்லிமலை ஆகாய கங்கை வரை

சேலம் நகரிலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் மலைச்சாலை இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறுகிறது. வெயிலில் காயும் சமவெளியை விட்டு மேலே செல்லச் செல்ல, காற்றில் ஈரம் கலக்கிறது. சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பிச் செடிகளும், அவற்றின்மேல் பற்றிப் படர்ந்த மிளகுக் கொடிகளும் தென்படுகின்றன. இம்மலையின் ஊர்ப் பெயர்களிலேயே நீரின் நினைவு தங்கியிருக்கிறது. ஏரியும் காடும் சேர்ந்தது ஏற்காடு என்று பெயர்க் காரணம் கூறுவர். அதை அடுத்துள்ள மஞ்சக்குட்டை ஊராட்சியின் பெயரில் ஒரு குட்டை இருக்கிறது. மலைவாழ் மக்களுக்கு நீர்நிலையே ஊரின் அடையாளம். அதுவே வழிபாட்டின் தொடக்கமும் ஆகும்.

இந்த மலைத்தொடரின் உச்சியில், சுமார் 5,300 அடி உயரத்தில், சேர்வராயன் கோயில் அமைந்திருக்கிறது. வானளாவிய கோபுரமோ நெடிய பிராகாரங்களோ இங்கு இல்லை. பரந்த புல்வெளியின் நடுவே, குனிந்து நுழைய வேண்டிய குறுகிய குகைக்குள் சேர்வராயரும் காவிரி அம்மனும் அருகருகே எழுந்தருளியிருக்கின்றனர். விளக்கொளியில் அவர்களைத் தரிசிக்கும் பக்தர்கள், இக்குகை உள்ளே நீண்டு காவிரி ஆறு வரை செல்வதாக நம்புகின்றனர். மே மாதத்தில் நடைபெறும் திருவிழாவில் சுற்றுவட்டாரத்து மலைக் கிராமங்கள் யாவும் இங்கே கூடிவிடும்.

மலையின் பெயரைத் தாங்கிய தெய்வத்துக்கு அருகில் ஆற்றின் பெயரைத் தாங்கிய அன்னை இருப்பது எவ்வளவு பொருத்தம் என்பதை, நிலப்படத்தை விரித்துப் பார்ப்பவர் உணர்வர். சேலம் நகரின் நடுவே சுகவனேஸ்வரர் ஆலயத்தை ஒட்டி ஓடும் திருமணிமுத்தாறு இம்மலைத்தொடரில் தோன்றுகிறது. ஓமலூர் வழியே செல்லும் சரபங்க நதியும் இங்கேதான் பிறக்கிறது. இரண்டுமே இறுதியில் காவிரியில் கலக்கின்றன. ஆக, மலையில் பெய்யும் மழை காவிரியை அடைகிறது என்ற உண்மையை, குகை வழி என்ற நம்பிக்கையாக முன்னோர் காத்து வந்திருக்கின்றனர் என்று கொள்ளலாம்.

நீராடும்போது கங்கை, யமுனை, கோதாவரி, சரஸ்வதி, நர்மதை, சிந்து, காவிரி ஆகிய ஏழு நதிகளையும் கையிலுள்ள நீரில் எழுந்தருளுமாறு வேண்டிக்கொள்வது மரபு. அந்த ஏழில் ஒருத்தியான காவிரியன்னை, ஆற்றங்கரையில் அன்றி ஒரு மலையின் தலையில் குடிகொண்டிருக்கிறாள் என்பதே இத்தலத்தின் தனிச்சிறப்பு.

கிளியூர் அருவி

ஏற்காட்டுக்கு வரும் குடும்பத்தினர் பெரும்பாலும் காணச் செல்வது கிளியூர் அருவியை. ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் நீர் ஓடையாகச் சென்று, சுமார் 300 அடி உயரத்திலிருந்து கிளியூர்ப் பள்ளத்தாக்கில் விழுகிறது. ஏரியிலிருந்து மூன்று கிலோமீட்டர் தொலைவுதான். ஆயினும் இறுதிப் பகுதியைச் செங்குத்தான படிகளிலும் கரடுமுரடான பாதையிலும் இறங்கியே கடக்க வேண்டும். மழைக்காலத்திலும் அதை ஒட்டிய மாதங்களிலும் அருவி பொங்கி விழும். கோடையில் பாறை மட்டுமே எஞ்சி நிற்பதும் உண்டு.

'நீர்வீழ்ச்சி' என்பது பிற்காலத்தில் பெருவழக்குப் பெற்ற சொல். நம் பழந்தமிழ் நூல்கள் கையாண்ட சொல் 'அருவி'. வீழ்ச்சி என்ற சொல்லில் ஒரு சரிவின் தொனி இருக்கிறது. அருவி என்ற சொல்லில் அது இல்லை. மலையின் மீதிருந்து நிலத்தை நாடி வரும் அருளாகவே அதைத் தமிழர் கண்டனர். குறிஞ்சி நிலத்தின் தெய்வமான முருகப்பெருமானின் குன்றுகள் தோறும் அருவி இடம்பெறுவதும் அதனால்தான்.

கிளியூர் அருவிக்குத் தலபுராணம் இல்லை. ஆனால் இதே மலைத்தொடர்ச்சியின் உறவினளாக, தலபுராணமும் தேவார வைப்புத்தலப் பெருமையும் கொண்ட ஓர் அருவி தெற்கே இருக்கிறது. அதுவே கொல்லிமலை ஆகாய கங்கை.

அண்ணன் மலையும் தம்பியர் மலையும்

சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் இடையே உள்ள உறவை, இம்மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் வாய்மொழி வரலாறு கூறுகிறது. இவர்களது பெயர் 'மலையை ஆள்பவர்' என்னும் பொருளுடையது. கேரளத்தோடு தொடர்புடையது அன்று. இவர்களின் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து தம் குலதெய்வமான கரிராமனுடன் புறப்பட்டு வந்த மூன்று சகோதரர்கள் என்றும், மூத்தவர் சேர்வராயன் மலையில் தங்க, ஏனைய இருவரும் கொல்லிமலை, பச்சைமலைப் பகுதிகளை அடைந்தனர் என்றும் கூறப்படுகிறது. ஆகவே ஏற்காட்டில் சேர்வராயரை வணங்கியவர் கொல்லிமலைக்கும் செல்வது, அண்ணன் வீட்டிலிருந்து தம்பி வீட்டுக்குச் செல்வது போன்றதாகும்.

நாமக்கல் மாவட்டத்தில், சுமார் 4,000 அடி வரை உயர்ந்து நிற்கும் கொல்லிமலை, கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட நாடு. காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே செல்ல வேண்டும். மலைமீது வளப்பூர் நாட்டில், பெரியகோவிலூரில் அருள்மிகு அறப்பளீஸ்வரர் ஆலயம் அமைந்திருக்கிறது. அம்பிகையின் திருநாமம் அறம்வளர்த்த நாயகி. திருநாவுக்கரசர் தம் திருப்பதிகத்தில் பெயர் சுட்டிய வைப்புத்தலம் இது. சோழ அரசி செம்பியன் மாதேவியார் இவ்வாலயத்துக்கு அளித்த கொடையைக் கல்வெட்டு கூறுகிறது. இத்தல இறைவனை முன்னிறுத்தி அம்பலவாணக் கவிராயர் இயற்றிய 'அறப்பளீசுர சதகம்', ஒருகாலத்தில் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மனனம் செய்த நூல்.

உழவர் ஒருவர் நிலத்தை உழுதபோது கலப்பை முனை எதன்மீதோ பட்டு, அவ்விடத்தில் குருதி பெருகியது. தோண்டிப் பார்த்தபோது சிவலிங்கம் வெளிப்பட்டது என்பது தல வரலாறு. அந்தத் தழும்பு இன்றும் இறைவனின் திருமுடியில் இருப்பதாக ஐதிகம்.

கோயிலை ஒட்டி ஓடும் ஆறு ஐயாறு. ஐந்து ஓடைகள் ஒன்றுகூடி வருவதால் அப்பெயர் பெற்றது என்பர். இந்த ஆற்று மீன்களில் இறைவன் உறைகிறான் என்று பக்தர்கள் நம்புகின்றனர். முன்பொரு காலத்தில் இங்கே மீனைப் பிடித்து, அறுத்துச் சமைக்க முற்பட்டபோது, அறுபட்ட துண்டுகள் மீண்டும் ஒன்றுபொருந்தி, மீன்கள் உயிர்பெற்று ஆற்றில் துள்ளின என்னும் வரலாறு வழிவழியாகக் கூறப்படுகிறது. அன்று முதல் இங்கே மீன் உணவுப்பொருள் அன்று, வழிபாட்டுக்குரியது. கோயிலுக்கு வருபவர் மீன்களுக்குப் பொரி முதலியவற்றை இட்டு வணங்கிய பின்னரே சந்நிதிக்குள் செல்கின்றனர்.

இந்த ஐயாறுதான் கோயிலைக் கடந்து சற்றுத் தொலைவு சென்று, மலை விளிம்பிலிருந்து சுமார் 300 அடி ஆழத்தில் ஆகாய கங்கையாக விழுகிறது. பின்னர் அடிவாரத்தில் திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலை வழியே இறங்கிக் காவிரியை நோக்கிச் செல்கிறது. சுற்றிலும் செங்குத்தான மலைச்சுவர்கள், மூலிகை மணம் கமழும் காடு, கோரக்கர், காலாங்கிநாதர் முதலிய சித்தர்கள் தவம் புரிந்ததாகக் கூறப்படும் குகைகள் என, அந்த இடம் இயற்கையே எழுப்பிய கருவறையாக விளங்குகிறது.

படிகளின் முன் நிற்கும் கேள்வி

ஆகாய கங்கையில் நீராட ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை இறங்க வேண்டும். இறங்குவது எளிது போலத் தோன்றும், ஏறுவதே சோதனை. பல இடங்களில் படிகள் உயரமானவை. அருவியை நெருங்க நெருங்க ஈரமும் பாசியும் கூடும். வலிவுள்ள இளைஞரே ஏறும்போது நான்கைந்து இடங்களில் அமர்ந்து மூச்சு வாங்குகின்றனர்.

ஆதலால் விடுமுறை நாள்களில் அங்கே ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். குடும்பத்தின் இளையோர் துண்டும் மாற்றுடையும் எடுத்துக்கொண்டு படியிறங்குவர். பெரியவர்கள் கைப்பைகளுக்கும் காலணிகளுக்கும் காவலாக மேலேயே அமர்ந்திருப்பர். அந்தப் பெரியவர்களுள் பலர், நாற்பது ஆண்டுகளுக்கு முன் வீட்டிலுள்ளோர் அனைவரையும் கைப்பிடித்து இதே போன்ற அருவிகளுக்கு அழைத்துச் சென்றவர்கள். இன்று அருவியின் ஓசை மட்டும் கேட்கும் தொலைவில், முழங்காலைத் தடவியபடி அமர்ந்திருக்கின்றனர். "இவ்வளவு தூரம் வந்தும் தீர்த்தமாடக் கொடுத்து வைக்கவில்லையே" என்னும் ஏக்கம் அவர்களுக்கு ஏற்படுவது இயல்பு. சிலர் அந்த ஏக்கத்தாலேயே, மருத்துவர் விதித்த தடையையும் மீறி இறங்கத் துணிகின்றனர். வேறு சிலரோ, மற்றவர்க்குச் சுமையாக வேண்டாம் என்று யாத்திரையையே நிறுத்திவிடுகின்றனர். முன்னது உடலுக்குத் தீங்கு. பின்னது உள்ளத்துக்குத் தீங்கு.

படியிறங்க இயலாதவர்க்குத் தீர்த்தப் பலன் உண்டா? இக்கேள்விக்கு நம் சமயம் மிகத் தெளிவாகவே விடை கூறியிருக்கிறது.

கயிலை சென்ற அப்பர்

இத்தலத்தைப் பாடிய திருநாவுக்கரசரின் வாழ்விலேயே அந்த விடை இருக்கிறது. முதிர்ந்த வயதில் திருக்கயிலையைக் காண வேண்டும் என்னும் வேட்கையுடன் அவர் வடதிசை நோக்கி நடந்தார். பாதங்கள் தேய்ந்தன, கைகளை ஊன்றித் தவழ்ந்தார். கைகளும் தேய்ந்தபோது மார்பினால் நகர்ந்தார். அதுவும் இயலாதபோது உருண்டு சென்றார். உடல் முற்றிலும் ஓய்ந்த நிலையில், இறைவன் ஒரு முனிவர் வடிவில் தோன்றி, மானிட உடலோடு கயிலை செல்வது அரிது, திரும்பிச் செல்க என்று கூறினார். அப்பர் இசையவில்லை. அதன்பின் அங்கிருந்த தடாகத்தில் மூழ்குமாறு பணிக்கப்பட்டார். மூழ்கி எழுந்த இடம் திருவையாற்றுத் திருக்குளம்! அங்கேயே கயிலைக் காட்சியைக் கண்டு உருகினார் என்று சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் விரித்துரைக்கிறார். ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் இந்நிகழ்ச்சி விழாவாகக் கொண்டாடப்படுகிறது.

இந்த வரலாற்றில் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. அப்பரின் முயற்சியை இறைவன் ஏளனம் செய்யவில்லை. உடல் அழியும் வரை செல்லவும் விடவில்லை. அடியவர் மலைக்குச் செல்ல இயலாத நிலையில், மலையே அடியவரின் ஊருக்கு வந்தது.

திருமலை நம்பிக்காகப் பிறந்த ஆகாச கங்கை

வைணவ மரபிலும் இதற்கு இணையான ஒரு வரலாறு உண்டு. அதிலும் ஓர் ஆகாச கங்கை இடம்பெறுவது வியப்புக்குரியது. இராமாநுசரின் தாய்மாமனான திருமலை நம்பி, திருவேங்கடமுடையானின் திருமஞ்சனத்துக்காக நாள்தோறும் பாபவிநாச தீர்த்தத்திலிருந்து குடத்தில் நீர் சுமந்து வந்தார். வயது முதிர்ந்தும் அந்தக் கைங்கரியத்தை அவர் கைவிடவில்லை. ஒருநாள் வேடன் ஒருவன் எதிரே வந்து தாகத்துக்கு நீர் கேட்டான். இறைவனுக்கான நீர் என்று நம்பி மறுத்தும், அவன் குடத்தில் துளையிட்டு அந்நீரைப் பருகிவிட்டான். மனம் வருந்திய முதியவரிடம், இனி அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதில்லை என்று கூறி, மலைமீது ஓர் அம்பை எய்தான். பாறை பிளந்து அருவி பெருகியது. அதுவே திருமலையின் ஆகாச கங்கை. வேடனாக வந்தவன் வேங்கடவனே என்பதை நம்பி பின்னரே உணர்ந்தார். இந்நிகழ்ச்சி 'தண்ணீரமுது உற்சவம்' என்று திருமலையில் இன்றும் கொண்டாடப்படுகிறது.

முதியவரின் கால்கள் தளர்ந்தபோது, தொண்டை நிறுத்துக என்று இறைவன் கூறவில்லை. தீர்த்தத்தை அருகில் கொண்டுவந்து கொடுத்தான். சிவபெருமான் அப்பருக்குச் செய்ததும் திருமால் நம்பிக்குச் செய்ததும் ஒன்றே.

எழுவகை நீராடல்

சாத்திரங்களும் இக்கருத்துக்கு அரணாக நிற்கின்றன. ஸ்நானம் என்பது நீரில் மூழ்குவது மட்டுமன்று. அது ஏழு வகைப்படும். நீரில் மூழ்கிக் குளிப்பது வாருணம். மந்திரம் கூறி நீரைத் தலையில் தெளித்துக்கொள்வது மாந்திரம். புனித மண்ணை அணிவது பௌமம். திருநீற்றை உடலெங்கும் பூசிக்கொள்வது ஆக்னேயம். பசுக்களின் குளம்படித் தூளைக் காற்று சுமந்து வந்து மேனியில் சேர்ப்பது வாயவ்யம். வெயில் காயும்போதே பெய்யும் மழையில் நனைவது திவ்யம். இறைவனை உள்ளத்தில் தியானிப்பது மானசம். நோயுற்றோரும் முதியோரும் வாருணத்துக்கு ஈடாக ஏனையவற்றை மேற்கொள்ளலாம் என்பது பெரியோர் காட்டிய நெறி.

மகாபாரதத்தின் அநுசாசன பருவத்தில், அம்புப் படுக்கையில் இருந்த பீஷ்மர் தருமருக்கு மானச தீர்த்தத்தின் மேன்மையை எடுத்துரைக்கிறார். வாய்மை, பொறுமை, புலனடக்கம், உயிர்களிடத்து அன்பு ஆகியவற்றில் நீராடுவதே சிறந்த தூய்மை என்பது அவ்வுபதேசத்தின் சாரம். எழுந்து நிற்கவும் இயலாத நிலையில் இருந்த ஒரு முதியவரின் வாயிலாக இது வெளிப்பட்டது என்பதை மறத்தலாகாது.

பிற நாடுகளிலும் இத்தகைய வழக்கம் உண்டு. ஜப்பான் நாட்டின் கியோட்டோ நகரில் உள்ள கியோமிசு ஆலயத்தின் ஒட்டோவா அருவியில் யாரும் மூழ்குவதில்லை. மூன்று தாரைகளாக விழும் நீரை நீண்ட காம்புடைய அகப்பையில் ஏந்திப் பருகுவதே வழிபாடு. நேபாளத்து முக்திநாத்தில், 12,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில், 108 தாரைகளில் கொட்டும் பனிநீரின் கீழ் இளையோர் ஓடிச் செல்ல, முதியோர் பலர் அந்நீரைக் கையில் ஏந்தித் தலையில் தெளித்துக்கொண்டே நிறைவடைகின்றனர்.

விழும் நீரே ஓடும் நீர்

கொல்லிமலையைப் பொறுத்தவரை, முதியோர்க்கு இன்னுமோர் ஆறுதல் இருக்கிறது. ஆகாய கங்கையாகக் கீழே விழும் நீர் வேறு, மேலே கோயிலருகே ஓடும் ஐயாற்று நீர் வேறு அன்று. ஆயிரம் படிகளுக்குக் கீழே பிள்ளைகளின் தலையில் விழும் அதே நீர், சற்று முன்னர் அறப்பளீஸ்வரரின் சந்நிதியைத் தொட்டுவிட்டுச் சென்றது. ஆகவே படியிறங்க இயலாதவர், பாதுகாப்பான இடத்தில் அந்த ஆற்று நீரை ஒரு சிறு பாத்திரத்தில் எடுத்துவரச் செய்து, கிழக்கு நோக்கி அமர்ந்து, ஏழு நதிகளையும் நினைத்து, மும்முறை தலையில் தெளித்துக்கொண்டு, திருநீறு அணிந்து, திருவைந்தெழுத்தை ஓதினால், வரிசை சற்று மாறுகிறதே தவிர பலனில் குறைவில்லை. அவர்கள் முதலில் பெற்ற தீர்த்தத்தையே கீழே இளையோர் பின்னர் பெறுகின்றனர்!

ஏற்காட்டிலும் இவ்வாறே கொள்ளலாம். கிளியூர் அருவிக்கு இறங்க இயலாதவர், வாகனம் அருகு வரை செல்லும் சேர்வராயன் கோயிலில் காவிரி அம்மனைத் தரிசிக்கலாம். குகைக்குள் குனிந்து செல்வது கடினமானால் வாயிலில் நின்று வணங்கலாம். மலையுச்சியில் மேகம் தவழ்ந்து வந்து முகத்தில் படும்போது, அதுவே நாளை ஓடையாகி, அருவியாகி, ஆறாகப் போகும் நீர் என்பதை எண்ணினால் உள்ளம் குளிரும்.

குடும்பத்தினரின் கடமை

இதில் இளையோரின் பங்கு சிறிதன்று. அருவியில் நீராடித் திரும்பும் பிள்ளைகள், ஒரு செம்பில் அந்தத் தீர்த்தத்தைக் கொண்டுவந்து பெற்றோரின் தலையில் தெளித்து வணங்கினால், அது இருவருக்கும் தீர்த்த யாத்திரையாகிறது. பாரதத்தின் வன பருவம் தீர்த்த யாத்திரையை ஏழையரின் வேள்வி என்று போற்றுகிறது. பெரும்பொருள் செலவிட்டு யாகம் செய்ய இயலாதவர்க்கும் அதன் பயனை அளிப்பது யாத்திரை என்கிறது. பொருளில்லாதவர்க்கு இவ்வாறு இடமளித்த நெறி, வலிவில்லாதவர்க்கு இடமளிக்காமல் போகாது.

குடும்பத்தினர் இரண்டு குழுக்களாகப் பிரிந்து மாறி மாறிச் சென்று வரலாம். ஒரு குழு நீராடும்போது மற்றொரு குழு பெரியவர்களுடன் ஆலயத்தில் இருக்கட்டும். தேவாரம் ஓதவும் தல வரலாற்றைப் பேரக் குழந்தைகளுக்குச் சொல்லவும் அது நல்ல வாய்ப்பு. காலணிகளுக்குக் காவல் இருப்பதற்காக எந்தப் பெரியவரும் மலையேறி வருவதில்லை.

தீர்த்தத்தைத் தீர்த்தமாகக் காத்தல்

அருவியைத் தேடிச் செல்லும் உரிமையோடு அதைக் காக்கும் பொறுப்பும் இணைந்தே வருகிறது. புண்ணிய தீர்த்தத்தில் உமிழ்வது, துணி துவைப்பது, அழுக்கு நீக்குவதற்காகத் தேய்த்துக் குளிப்பது ஆகியவற்றை முன்னோர் விலக்கினர். வீட்டில் குளித்துத் தூய்மை பெற்ற பின்னரே தீர்த்தமாட வேண்டும் என்பது விதி. இன்றோ எண்ணெய், சீயக்காய், ஷாம்பு உறைகள், கழற்றி எறிந்த ஆடைகள் ஆகியவை பல அருவிகளின் அடியில் குவிந்து கிடக்கின்றன. கிளியூரில் விழுவது ஏற்காடு ஏரியின் உபரி நீர். ஏரிக்கரையில் எறியப்படும் பொருள் நாளை அருவியில் விழும். ஐயாற்றில் கலக்கும் மாசு, மீன்களாக வணங்கப்படும் இறைவனையே சென்றடையும். இதை நினைவூட்டும் தகுதி வீட்டிலுள்ள மூத்தோருக்கே மிகுதியாக உண்டு. அவர்கள் சொன்னால் குழந்தைகள் கேட்பர்.

யாத்திரை செல்வோருக்குச் சில குறிப்புகள்

சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர். பேருந்து வசதி உண்டு. கொல்லிமலைக்கு நாமக்கல், சேந்தமங்கலம் வழியாகவும் சேலம், இராசிபுரம் பக்கத்திலிருந்தும் செல்லலாம். எழுபது வளைவுகளில் தலைசுற்றல் ஏற்படுவோர் வயிறு நிறைய உண்டபின் பயணம் செய்யலாகாது; வண்டியின் முன் இருக்கையில் அமர்ந்து, காலையில் புறப்படுவது நலம்.

வடகிழக்குப் பருவமழையை ஒட்டிய மாதங்களில் ஆகாய கங்கையில் நீர் நிறைந்திருக்கும். வெள்ளம் மிகும் நாள்களில் வனத்துறையினர் நீராடத் தடை விதிப்பர். அத்தடையை மீறுதல் கூடாது. ஆடிப்பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழா நடைபெறும்போது கூட்டம் மிகும். முதியோர் அந்நாள்களைத் தவிர்த்து அமைதியான வேறு நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

இதய நோய், இரத்த அழுத்தம், முழங்கால் வலி உள்ளோர் படிகளில் இறங்குவதைத் தவிர்க்க வேண்டும். அருவியில் நேரடியாகவே நீராட விரும்பும் முதியோர்க்குக் குற்றாலம் ஏற்றது. சித்திர சபையைக் கொண்ட அத்தலத்தில், பேரருவி குற்றாலநாதர் ஆலயத்துக்கு அருகிலேயே விழுவதால் படிகளின் தொல்லை குறைவு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே சாரல் காலம். அப்போதும் நீர் வேகம் குறைவான வேளையில், துணைக்கு ஒருவருடன், ஓரமாக நின்று நீராடுவதே தக்கது.

மலையிலிருந்து இறங்கிய அருவி ஒருபோதும் மேலேயே நிற்பதில்லை. தன்னைத் தேடி வர இயலாதவரை நாடி அது ஆறாக நடந்து வருகிறது. வயலுக்கும், வாய்க்காலுக்கும், வாசல் தெளிக்கும் குடத்துக்கும் வந்து சேர்கிறது. முசிறிக் கரையிலோ திருவரங்கத்து அம்மாமண்டபத்திலோ காவிரி நீரைக் கையில் அள்ளும் முதியவரின் உள்ளங்கையில் சேர்வராயன் மலையும் கொல்லிமலையும் சேர்ந்தே இருக்கின்றன. மலையேற இயன்றவர் ஏறித் தரிசிப்போம். இயலாதவர் இருந்த இடத்தில் நினைத்துத் துதிப்போம். அறம்வளர்த்த நாயகி உடனுறை அறப்பளீஸ்வரரும், சேர்வராயரும், காவிரியன்னையும் அனைவர்க்கும் நல்லருள் புரிவார்களாக!